நிலக்கடலைப் பூசணமும் அதன் விஷமும்

சிங்கம்புணரி, எஸ். புதூர், திருப்பத்தூர் வட்டாரங்களின் செவ்வல் மேட்டுநிலங்களில் மானாவாரியாகப் பயிராகும் பொருள்களுள் நிலக்கடலை முக்கியமானது என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டுவதில்லை. ஆடிப் பட்டத்தில் விதைத்த கடலை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் களத்துக்கு வருகின்றது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் காலமும் அதுவே. மழையில் நனைந்து, நன்கு உலராமல் குவியலிற் கிடந்த காயில், மஞ்சளும் பச்சையும் கலந்த நிறமுள்ள பூசணம் படர்வதை விவசாயிகள் யாவரும் கண்டிருப்பர். நிறம் கெட்டதனால் விலை சிறிது குறையும் என்பதற்கு மேல் அதைப்பற்றிப் பலரும் கவலைகொள்வதில்லை. நல்ல பருப்பைப் பொறுக்கி விலைக்கு அனுப்பிவிட்டு, கழிவை மாட்டுக்கு வைப்பதும், கூலியாட்களுக்குக் கொடுப்பதும், செக்குக்குப் போடுவதும் ஊருக்கு ஊர் காணப்படும் வழக்கமாகும். இவ்வழக்கம் எத்துணை அபாயமானது என்பதையும், அதனை நீக்கும் வழிகளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விஷம் வெளிப்பட்ட வரலாறு

1960-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களுக்குள் மடிந்தன. காரணம் தெரியாமையால் முதலில் அதற்கு ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்றே பெயரிட்டனர். தொற்றுநோய்க் கிருமி எதுவும் அகப்படவில்லை. ஆராய்ந்ததில், பிரேஸில் தேசத்திலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கு அப்பறவைகளின் தீனியிற் கலந்திருந்ததும், அப்பிண்ணாக்கில் பூசணம் பிடித்திருந்ததும் புலப்பட்டன. அப்பூசணத்துக்கு அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்று பெயர். அது சுரக்கும் விஷத்துக்கு அப்பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டே ‘அஃப்ளடாக்ஸின்’ என்று பெயர் வைத்தனர். நம் களங்களில் மஞ்சட்பச்சை நிறமாகப் படர்வதும் பெரும்பாலும் இதே பூசணந்தான்.

பறவைகளுக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேரக்கூடும் என்பதை நம் தேசமே பின்னர் கண்டது. 1974-ஆம் வருஷத்தின் பிற்பகுதியில் ராஜஸ்தானத்தின் பான்ஸ்வாரா ஜில்லாவிலும், குஜராத்தின் பஞ்சமஹால் ஜில்லாவிலும் ஏழைப் பழங்குடி மக்கள் மஞ்சட்காமாலையும் வயிற்றில் நீர்க்கோவையும் கண்டு படுத்தனர். 200-க்கு மேற்பட்ட கிராமங்களில் 397 பேர் நோயுற்றனர். அவர்களில் 106 பேர் இறந்தனர். அவ்வீடுகளின் மிச்ச உணவைத் தின்ற நாய்களும் அவ்வாறே நோயுற்று மாண்டன. ஹைதராபாத்திலுள்ள தேசீய போஷாக்கு நிலையத்தார் ஆராய்ந்ததில், அறுவடைக் காலத்தில் பெய்த மழையில் நனைந்த மக்காச்சோளத்தில் இதே பூசணம் பிடித்திருந்ததும், அத்தானியத்தில் கிலோவுக்கு 6.25 முதல் 15.6 மில்லிகிராம் வரையில் விஷம் இருந்ததும் தெரியவந்தன. இக்காலத்தில் இந்திய உணவு விதிகள் தானியத்தில் அனுமதிக்கும் எல்லையைப்போல் அது 400 மடங்கு முதல் 1,000 மடங்கு வரையில் ஆகும். அம்மக்களுக்குத் தானியம் கெட்டது கண்ணுக்குத் தெரிந்தேயிருந்தது. ஆயினும் அதைத் தள்ளிவிட்டு உண்பதற்கு வேறு தானியம் அவர்களிடத்தில் இல்லை. இதனை நாம் மறத்தலாகாது.

உயிரணுக்களில் அது செய்யும் கேடு

நம் உடல் கண்ணுக்குப் புலப்படாத கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும், அது செய்யவேண்டிய தொழில்களையெல்லாம் எழுதிவைத்த பத்திரம்போல் மரபுப்பொருள் அமைந்துள்ளது. உயிரணு இரண்டாகப் பிரியும்போது அப்பத்திரமும் நகல் எடுக்கப்படுகின்றது.

உணவோடு உட்செல்லும் அஃப்ளடாக்ஸின் முதலில் கல்லீரலை அடைகின்றது. வேண்டாத பொருள்களை மாற்றி வெளியேற்றுவது கல்லீரலின் வேலை. அதற்கென அங்கே சில நொதிகள் உள்ளன. இவ்விஷத்தின் விஷயத்திலோ, அந்நொதிகள் அதை மாற்ற முற்படும்போது முன்னிலும் கொடிய ஒரு வடிவம் உண்டாகிவிடுகின்றது. அவ்வடிவம் மரபுப்பொருளைப் பற்றிக்கொள்கின்றது. மிகுதியான விஷம் ஒரேயடியாகச் சேர்ந்தால் உயிரணுக்கள் தமக்கு வேண்டிய புரதத்தை ஆக்கமாட்டாமல் மடிகின்றன. 1974-இல் காமாலையும் நீர்க்கோவையும் கண்டது இதனாலேயே. சிறிது சிறிதாக நெடுநாள் சேர்ந்தாலோ, உயிரணுக்கள் மடிவதில்லை. பிழையான நகலுடன் பெருகுகின்றன. உயிரணு கட்டுமீறிப் பெருகாதபடி காவல் செய்யும் மரபணு ஒன்றுண்டு. கல்லீரற் புற்றுநோய் கண்டவர்களிடத்தில் அம்மரபணுவின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரே மாதிரியான பிழை காணப்படுவதை, சீனத்திலும் தென்னாப்பிரிக்காவிலும் இவ்விஷம் மிகுந்த பிரதேசங்களின் நோயாளிகளை ஆராய்ந்தோர் 1991-இல் வெளியிட்டனர்.

உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவன என்று ஐயமின்றித் தெளிந்த பொருள்களின் வகுப்பில் அஃப்ளடாக்ஸினைச் சேர்த்துள்ளது. ஹெபடைடிஸ்-பி என்னும் கல்லீரல் தொற்று உள்ளவர்களுக்கு இவ்விஷமும் சேர்ந்தால் புற்றுநோய் வரும் அபாயம் பன்மடங்கு பெருகும். குழந்தைகளுக்கு அந்நோய்க்குரிய தடுப்பூசியைத் தவறாது போடுவிப்பதும் இவ்விஷத்துக்கு எதிரான ஒரு காப்பேயாகும்.

வரகு, கம்பு இவற்றிலும் எச்சரிக்கை

இதே பூசணமும் இதன் இனத்தைச் சேர்ந்தவையும் வேறொரு விஷத்தையும் உண்டாக்குகின்றன. அதற்கு ‘சைக்ளோபியாசோனிக் அமிலம்’ என்று பெயர். தசை, நரம்பு ஆகியவற்றின் உயிரணுக்கள் சுருங்கி விரிவதற்கும் செய்தி அனுப்புவதற்கும் சுண்ணாம்புச் சத்து உள்ளும் புறமும் அளவாக நடமாடவேண்டும். அதை உரிய இடத்துக்கு இறைத்துச் சேர்க்கும் ஏற்றம்போன்ற அமைப்பை இவ்விஷம் நிறுத்திவிடுகின்றது. மழையில் நனைந்த வரகை உண்டவர்களுக்குக் கிறுகிறுப்பும் நடுக்கமும் உண்டாவதற்கு இதுவே காரணமென்று கண்டுள்ளனர். 2024-ஆம் வருஷம் அக்டோபர் மாதக் கடைசியில், மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கட் வனத்தில் வரகுப் பயிரைத் தின்ற 10 யானைகள் இறந்தன. அவற்றின் உடற்கூறுகளைச் சோதித்தபோது இவ்விஷமே காணப்பட்டது. யானையையே வீழ்த்தும் பொருள் மனிதருக்கும் ஆடுமாடுகளுக்கும் எத்தகையது என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கம்பில் காணும் தேன் ஒழுகல் நோயும் ஒருவகைப் பூசணத்தால் வருவதே. கதிரில் முதலில் தேன்போன்ற பிசின் வடியும். பின்பு மணியிருக்கவேண்டிய இடத்தில் கருமையான கடினமுள்ள முள்போன்ற உருவம் தோன்றும். இதற்கு எர்காட் என்று பெயர். இது கலந்த கம்பை உண்டவர்களுக்கு வாந்தி, தலைச்சுற்றல், மிதமிஞ்சிய உறக்கம் ஆகியவை உண்டாகும். உணவுத் தானியத்தில் எர்காட் எடையில் 0.05 சதவீதத்துக்கு மேல் இருத்தலாகாது என்பது இந்திய உணவு விதி.

மருந்தாகும் விஷங்கள்

இவ்வளவு கொடிய எர்காட்டே மருத்துவருக்கு ஒரு மருந்தாகவும் உதவுகின்றது என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். ஐரோப்பாவில் ரை என்னும் தானியத்தில் விளையும் எர்காட், இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்வது. அது கலந்த ரொட்டியைத் தின்று கைகால்கள் கருகி அழுகி மாண்டவர்கள் அங்கே பல நூற்றாண்டுகளாக அநேகர். அதே சுருக்கும் சக்தியைப் பிரசவித்த பெண்ணின் இரத்தப்போக்கை நிறுத்துவதற்கு மருத்துவச்சிகள் பயன்படுத்தி வந்தனர். 1918-இல் ஸ்விட்ஸர்லாந்தில் ஆர்தர் ஸ்டால் என்பவர் எர்காட்டிலிருந்து எர்கோட்டமைன் என்னும் பொருளைத் தனியே பிரித்தார். அது ஒற்றைத் தலைவலிக்கு மருந்தாயிற்று. கருப்பையைச் சுருங்கச் செய்யும் எர்கோமெட்ரின் என்னும் பொருள் 1935-இல் பிரித்தெடுக்கப்பட்டது. பிரசவத்துக்குப் பின் வரும் உதிரப்போக்குக்கு இக்காலத்தில் வேறு மருந்து முதலிடம் பெற்றுள்ளதாயினும், அது பலிக்காதபோது எர்காட்டின் வழிவந்த மருந்துகள் இன்றும் பயன்படுகின்றன. இரத்த அழுத்தம் மிக்க பெண்ணுக்கோ அவை கொடுக்கத்தகாதவை.

இம்முயற்சியில் நம் மாகாணத்துக்கும் பங்கு உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஐரோப்பிய எர்காட் வருவது தடைப்படவே, அக்காலத்துச் சென்னை மாகாண விவசாய இலாகாவைச் சேர்ந்த கே. எம். தாமஸ், டி. எஸ். ராமகிருஷ்ணன் முதலிய பயிர்நோய் ஆராய்ச்சியாளர், நீலகிரியில் ரைப் பயிர் வைத்து, அதில் வேண்டுமென்றே எர்காட்டை உண்டாக்கும் முறையை ஆராய்ந்தனர். பயிரைக் காக்கவேண்டிய இலாகா, மருந்தின்பொருட்டுப் பயிருக்கு நோயை வளர்த்த விந்தை அது. ஆனால் நம் கம்பில் உண்டாகும் எர்காட் வேறு இனம். ரை எர்காட்டில் உள்ள எர்கோட்டமைன் அதில் இல்லை. ஆதலின் கம்பு எர்காட்டை நாட்டு மருந்தாகப் பயன்படுத்த எவரும் முற்படுதல் கூடாது.

வேறு பூசணங்களும் இவ்வாறே மருந்து தந்துள்ளன. 1928-இல் அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங் கண்ட பெனிஸிலின், கிருமிகளின் உயிரணுச் சுவர் கட்டப்படுவதைத் தடுப்பது. நம் உயிரணுக்களுக்கு அத்தகைய சுவரே இல்லையாதலின், ஒவ்வாமை உடையவர்கள் நீங்கலாக நமக்கு அதனால் கேடில்லை. நார்வே தேசத்து மண்ணிலிருந்து 1969-இல் எடுத்த பூசணம் ஒன்று தந்த ஸைக்ளோஸ்போரின், உடலைக் காக்கும் வெள்ளையணுக்களில் ஒருவகையை அடக்குவது. பிறருடைய சிறுநீரகத்தைப் பொருத்திக்கொண்டவருக்கு, அவ்வுறுப்பை உடல் தள்ளிவிடாமல் காக்கின்றது. அளவு மீறினால் அதே மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் மருந்து வகையொன்றின் முதற்பொருளை, ஜப்பானியரான அகிரா எண்டோ 1970-களில் பூசணத்திலிருந்தே கண்டார்.

இவற்றிலிருந்து நாம் அறியவேண்டியது யாதெனில், பூசண விஷம் மருந்தாவது மூன்று காரியங்களால்: விஷத்தைத் தனியே பிரித்தல், அதன் அளவை நிறுத்தல், இன்னார்க்கு ஆகும், இன்னார்க்கு ஆகாது என்று தெளிதல். களத்தில் நனைந்த கடலையில் இம்மூன்றும் இல்லை. மேலும் அஃப்ளடாக்ஸினுக்கு எந்நோயிலும் மருந்தாகும் பயன் காணப்படவில்லை. புற்றுநோய் உண்டாகும் விதத்தை ஆராய்வோருக்கு அது ஒரு கருவியாக உதவியதே அதனால் விளைந்த நன்மை. ஆகையால் அதைக் களத்திலேயே தடுப்பதன்றி வேறு வழியில்லை.

வறுப்பதாலும் ஆட்டுவதாலும் விஷம் நீங்காது

வறுத்தாலும் அவித்தாலும் விஷம் போய்விடும் என்று சிலர் எண்ணுகின்றனர். பூசணம் சாகுமேயன்றி விஷம் முற்றும் நீங்குவதில்லை. சமையலில் உண்டாகும் சூட்டை அது பெரும்பாலும் தாங்கி நிற்பது. செக்கில் ஆட்டினால் விஷத்தின் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கும். ஒரு பகுதி எண்ணெயிலும் சேரும். காரம் சேர்த்துச் சுத்திகரித்த எண்ணெயில் அது நீங்கிவிடும். ஊர்ச் செக்கில் ஆட்டி அப்படியே பயன்படுத்தும் எண்ணெயில் நீங்காது.

பிண்ணாக்கைத் தின்ற கறவை மாட்டின் பாலிலும் விஷம் வருகின்றது. தீனியில் உட்கொண்டதில் ஏறக்குறைய நூற்றில் 1 முதல் 3 பங்கு, சிறிது உருமாறிப் பாலில் இறங்கும். அத்தீனியை நிறுத்தினால் சில தினங்களில் பால் தூய்மையாகும். கழிவுக் கடலையை மாட்டுக்கு வைத்து நஷ்டத்தை ஈடு செய்ததாக எண்ணும் மிராசுதார், அதைத் தம் வீட்டுக் குழந்தையின் பாற்பாத்திரத்துக்கே திருப்பிவிடுகின்றார்.

இந்திய விதிகளின்படி, மேற்கொண்டு பக்குவம் செய்யவேண்டிய கடலைப் பருப்பில் கிலோவுக்கு 15 மைக்ரோகிராமும், அப்படியே உண்பதற்குரியதில் 10 மைக்ரோகிராமும், பாலில் 0.5 மைக்ரோகிராமும் எல்லையாகும். ஒரு கிராமின் பத்துலட்சத்தில் ஒரு பங்கே மைக்ரோகிராம். ஐரோப்பிய தேசங்கள் நேரே உண்ணும் கடலைக்கு 4 மைக்ரோகிராமையே எல்லையாக வைத்துள்ளன. விஷம் மூட்டை முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. கெட்ட பருப்பு ஒன்றில் மிக அதிகமாகவும், அடுத்த பருப்பில் சிறிதும் இல்லாமலும் இருக்கும். கெட்டுப்போன சில பருப்புகளே ஒரு மூட்டையை விலையற்றதாக்கப் போதியவை. கழிவைப் பொறுக்கி நீக்குவது இதனாலேயே பலனுள்ள காரியமாகின்றது.

விவசாயிகள் செய்யவேண்டுவன

1. விதையைக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூசணத்தூளுடன் கலந்து விதைக்கவேண்டும்.

2. விதைத்த 40 முதல் 45-ஆம் நாளுக்குள், மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்ஸம் இடவேண்டும். காயின் ஓடு கெட்டிப்படும். பூசணம் உட்புகுவது அரிதாகும்.

3. காய் முற்றும் கடைசி வாரங்களில் நிலம் காய்ந்து சூடேறினால், பூசணம் மண்ணிலேயே காயைப் பற்றும். கிணற்று வசதி உள்ளவர்கள் அப்போது ஒரு தண்ணீராவது பாய்ச்சவேண்டும்.

4. பருவம் தவறாமல் பிடுங்கவேண்டும். மண்வெட்டி பட்டு வெட்டுண்ட காயையும், கரையானும் வேர்ப்புழுவும் கடித்த காயையும் நல்ல காயுடன் சேர்க்கலாகாது.

5. பிடுங்கிய செடியைக் காய் மேலாகவும் தழை கீழாகவும் திருப்பி வரிசையாக உலர்த்தவேண்டும். ஈரக் காயை அம்பாரமாகக் குவித்தலே பூசணத்துக்கு முதல் விருந்து.

6. ஆய்ந்த காயைச் சிமெண்டுக் களத்திலோ தார்ப்பாயிலோ மெல்லிதாகப் பரப்பி உலர்த்தி, மாலையில் மூடிவைக்கவேண்டும். காயைக் காதருகே ஆட்டினால் பருப்பு குலுங்கும் ஓசை கேட்கவேண்டும். பருப்பை விரல்களுக்கிடையே தேய்த்தால் தோல் எளிதிற் கழலவேண்டும். காயில் 9 சதவீதத்துக்கும் பருப்பில் 7 சதவீதத்துக்கும் மேல் ஈரம் இருத்தலாகாது.

7. ஓடு உடைப்பதை எளிதாக்கவும், எடை கூட்டவும் காயின்மேல் தண்ணீர் தெளிக்கும் வழக்கத்தை அறவே விடவேண்டும். முன்செய்த அத்தனை பாடும் அந்த ஒரு குடம் தண்ணீரில் வீணாகும்.

8. சாக்குகளைத் தரையில் வையாமல் மரச்சட்டங்களின்மேல், சுவரை விட்டு ஓரடி தள்ளி அடுக்கவேண்டும். கூரை ஒழுக்கும் எலியும் புகாமல் காக்கவேண்டும்.

9. கம்பு விதைப்போர், 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ உப்பைக் கரைத்து அதில் விதையை இட்டு, மிதக்கும் எர்காட்டை நீக்கி, விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலம்பி நிழலில் உலர்த்தவேண்டும்.

10. சுருங்கிய பருப்பு, நிறம் மாறிய பருப்பு, பூசணம் கண்ட பருப்பு இவற்றைப் பொறுக்கி எரிக்கவேண்டும், அல்லது ஆழப் புதைக்கவேண்டும். மாட்டுக்கோ, கோழிக்கோ, செக்குக்கோ, கூலிக்கோ அவை போகலாகாது.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்கவேண்டுவன

ஊர்ப் பொதுக் களங்கள் அறுவடைக்கு முன்பே செப்பனிடப்பட்டு, சிறு விவசாயிகளுக்கும் முறைவைத்துக் கிடைக்கும்படி செய்யவேண்டும். களமும் தார்ப்பாயும் இல்லாதவனுடைய கடலையே முதலில் நனைகின்றது. அவனே கெட்டதை உண்ணவும் நேருகின்றது. ஒரு வீட்டில் அல்லது ஒரு தெருவில் பலருக்கு ஒரே சமயத்தில் காமாலையும் வயிற்று வீக்கமும் கண்டாலும், அவற்றோடு நாயோ கோழியோ மடிந்தாலும், உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அறிவித்து, அவர்கள் உண்ட தானியத்தில் ஒரு பங்கைப் பரிசோதனைக்கு எடுத்து வைக்கவேண்டும். தீவனத்தைப்பற்றி ஐயமுள்ளவர்கள், நாமக்கல்லிலுள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தீவனப் பரிசோதனைச் சாலைக்கு மாதிரி அனுப்பித் தெரிந்துகொள்ளலாம்.

ஒரு மூட்டைக் கடலையில் கழிவாகப் போவது சில படியே. அதை இழக்க மனமில்லாமல் ஏழையின் கையிலும் பசுவின் தொட்டியிலும் இடுவதனால் வரும் லாபம் அற்பம். நோயோ ஆண்டுகள் பல கழித்து, காரணம் இன்னதென்று தெரியாத வகையில் வந்து சேரும். மழைக்கு முன் களத்தைச் சீர்செய்து, காயை நன்கு உலர்த்தி, கழிவைத் தயங்காது அழித்து, நம் வட்டாரத்துக் கடலைக்கு நல்ல விலையையும் அதை உண்பவர்க்கு நல்ல உடலையும் விவசாயப் பெருமக்கள் தேடிக்கொள்வார்களாக.